ஹைபிரிட் காருக்கு எஞ்சின் ஹீற்றர்: யாழ்ப்பாணத்தில் பொருத்தலாமா?

கொக்குவிலான் | ஞாயிறு, காலை 7.20

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2014ஆம் ஆண்டு ரொயோற்றா அக்குவா இருக்கிறது, பெற்றோல் எஞ்சினும் பற்றரியும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் கார். கொழும்பில் ஒருவர் ஓடியதை மூன்று வருடங்களுக்கு முன் வாங்கினேன். காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டுப் பட்டினத்தில் கடையைத் திறக்கிறேன், மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறேன், பின்னேரம் மறுபடி போகிறேன். ஒவ்வோர் ஓட்டமும் நான்கு, ஐந்து கிலோமீற்றர்தான். வாங்கிய புதிதில் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் கிடைத்தது. இந்த ஒரு வருடமாக 14ஐத் தாண்டவில்லை. முன்பு சந்தியில் நின்றால் எஞ்சின் தானாகவே அணைந்துவிடும், காருக்குள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும். இப்போது நின்ற இடத்திலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவிடமும் இதே கார்தான், அங்கே பிரியஸ் சி என்ற பெயரில் விற்றார்கள். குளிர் காலத்தில் தனக்கும் இப்படித்தான் இருந்தது என்றும், எஞ்சினைச் சூடாக்கும் புளொக் ஹீற்றர் ஒன்றைப் பொருத்திய பிறகு சரியாகிவிட்டது என்றும் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. போன மாதம் கப்பலில் வந்த பெட்டிக்குள் பிள்ளைகளின் சப்பாத்துகளுக்கும் சொக்லேற்றுக்கும் நடுவில் துவாயில் சுற்றி ஒரு ஹீற்றரும் இருந்தது. இரவில் வீட்டு மின்சாரத்தில் சொருகிவிட்டால் காலையில் எஞ்சின் சூடாக இருக்கும், பெற்றோல் மிச்சமாகும் என்கிறார்.

இங்கே யாராவது பொருத்தியிருக்கிறீர்களா? இரவு முழுவதும் சொருகி வைக்கலாமா? பிளக் நம்முடைய பொயின்ற்றுக்குப் பொருந்தாது. அதை மாற்றித் தரும்படி ஒரு கடையில் கொடுத்திருக்கிறேன், நாளை கிடைக்கும். அண்ணா ஆசையாக அனுப்பிய பொருள், வீணாக்க மனமில்லை.

கடற்காற்று | ஞாயிறு, காலை 8.05

இங்கே மார்கழி, தையில்கூட விடியற்காலையில் ஒரு போர்வை போதும். இந்த ஊரில் எஞ்சினுக்கு எதற்குச் சூடு? எனக்கு விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எட்மன்ரன் வடமராட்சியான் | ஞாயிறு, காலை 8.50

நான் எட்மன்ரனில் பதினாறு வருடங்களாக இருக்கிறேன். இங்கே தை மாதத்தில் சுழியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்கும். அந்தக் குளிரில் எஞ்சின் ஒயில் சீனிப்பாணி மாதிரி இறுகிவிடும். அதனால்தான் வாகனங்களின் முன் கிரில்லில் இருந்து ஒரு வயர் வெளியே தொங்கும். வேலைத்தளங்களிலும் தொடர்மாடிகளிலும் வாகனம் நிறுத்தும் இடத்துக்கு முன்னால் மின்சாரப் பொயின்ற் வைத்திருப்பார்கள். புதிதாக வந்த எம்மவர்கள் அதைப் பார்த்துவிட்டு இந்த ஊரில் எல்லாமே மின்சாரக் கார்களா என்று கேட்பார்கள்.

ஹைபிரிட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. காருக்குள் இருப்பவர்களுக்கு வேண்டிய வெக்கை, எஞ்சினை ஆற வைக்க அதைச் சுற்றி ஓடும் கூலன்ற் என்ற திரவத்தில் இருந்துதான் வருகிறது. கால் விறைக்கிறது என்று வெக்கையைப் போட்டால், பற்றரி நிறைந்திருந்தாலும் எஞ்சின் ஓடியே தீரும். ஹீற்றரைப் புறப்படுவதற்கு முன் இரண்டு மணி நேரம் போட்டு வைத்தால் அந்த ஓட்டம் குறைகிறது. நான் நேரக் கடிகாரம் வைத்து விடிய நான்கு மணிக்குப் போட்டு ஆறு மணிக்கு நிற்கும்படி வைத்திருக்கிறேன். இரவு முழுவதும் போடுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சின் வாங்கும் சூடும் வெளிக்காற்று பறிக்கும் சூடும் சமமாகிவிடும், அதற்கு மேல் செலவாகும் மின்சாரம் காற்றுக்குத்தான் போகிறது.

கொக்குவில் தம்பி, உங்கள் அண்ணா அனுப்பிய ஹீற்றரின் வயரில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பௌதிக ஆசிரியர் | ஞாயிறு, காலை 9.10

கொக்குவிலான், நாளைக்குப் பிளக் கிடைத்தாலும் தயவுசெய்து அதைச் சொருக வேண்டாம். கனடாவில் வீட்டு மின் அழுத்தம் 120 வோல்ற், இங்கே 230 வோல்ற். பிளக்கின் உருவத்தை மாற்றுவதால் அழுத்தம் மாறாது. அந்தத் துண்டை வாசித்துவிட்டு எழுதுங்கள், கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன்.

கொக்குவிலான் | ஞாயிறு, காலை 9.45

துண்டில் 120 வோல்ற், 400 வாற் என்று இருக்கிறது. ஐயா, நான் அதைக் கவனிக்கவே இல்லை. கடைக்காரரும் கேட்கவில்லை.

பௌதிக ஆசிரியர் | ஞாயிறு, காலை 10.30

நல்ல காலம், முதலில் இங்கே கேட்டீர்கள்.

அந்த ஹீற்றர் வெறும் தடைக் கம்பி. 120 வோல்ற்றில் 400 வாற் என்றால் அதன் தடை 36 ஓம். அதே தடைக்கு 230 வோல்ற் கொடுத்தால் வலு அழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். 230ஐ 230ஆல் பெருக்கி 36ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 1470 வாற் வரும். 400 வாற்றுக்குச் செய்த விரல் தடிப்பான ஒரு கோலுக்குள் மூன்றரை மடங்குக்கும் மேலான சூடு. கோல் எரிந்து அறுந்துபோனால் நட்டம் ஒரு ஹீற்றரோடு முடியும். அறாமல் பழுத்துச் சிவந்தால் பக்கத்தில் இருப்பவை ஒயில், வயர்கள், பிளாஸ்ரிக் குழாய்கள். வீட்டில் எல்லோரும் நித்திரையில் இருக்கும் நேரத்தில், காரின் உறையோடு சேர்ந்து தீப்பிடிப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டியதில்லை. நான் மிகைப்படுத்தவில்லை. வெளிநாட்டில் இருந்து வந்த சோறு அவிக்கும் பானையை இப்படிச் சொருகிக் கருக்கிய வீட்டை என் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன்.

கடற்காற்று | ஞாயிறு, காலை 11.15

எங்கள் வீட்டில் 230ஐ 110 ஆக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. அக்கா கனடாவில் இருந்து கொண்டுவந்த அரைக்கும் இயந்திரத்துக்காக வாங்கியது. அதன் வழியாகக் கொடுக்கலாம்தானே?

பௌதிக ஆசிரியர் | ஞாயிறு, பகல் 12.05

அந்தப் பெட்டி 400 வாற்றை மணிக்கணக்கில் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். அரைக்கும் இயந்திரம் இரண்டு நிமிடம் ஓடி நிற்கும், ஹீற்றர் நிற்காது. பெட்டி தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் கேள்வி வேறு: கிடைக்கும் பலன் என்ன?

ஒரு மணி நேரத்துக்கு 400 வாற் என்றால் 0.4 அலகு மின்சாரம். ஒரு லீற்றர் பெற்றோலை எரித்தால் கிட்டத்தட்ட 9 அலகுக்குச் சமமான வெப்பம் வருகிறது. ஆகவே அந்த ஹீற்றர் ஒரு மணி நேரத்தில் எஞ்சினுக்குக் கொடுப்பது சுமார் 45 மில்லிலீற்றர் பெற்றோலின் சூடு. அண்ணா சொன்னபடி இரவில் பத்து மணி நேரம் விட்டால் 4 அலகு, மாதத்துக்கு 120 அலகு. அலகு ஏற ஏற ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும் பட்டியல் நம்முடையது. மின்சாரப் பட்டியல் வந்ததும் பெற்றோலில் மிஞ்சியது எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஹைபிரிட் எஞ்சின் விருப்பம்போல் அணைந்து எரிவதற்குக் கூலன்ற் ஏறத்தாழ 70 பாகைக்கு வர வேண்டும். எட்மன்ரனில் அது சுழியத்துக்குக் கீழே 30இல் இருந்து 100 பாகை ஏற வேண்டும். கொக்குவிலில் காலையில் 28, 29இல் இருந்து புறப்படுகிறது, ஏற வேண்டியது 41 பாகைதான். எங்களுக்காகப் பாதி வேலையைச் சூரியன் செய்து வைத்திருக்கிறது.

ஒஸ்லோ இளவாலை | ஞாயிறு, பிற்பகல் 3.40

நோர்வேயில் மின்சாரம் உங்களைப் போலவே 230 வோல்ற். டெஃபா என்ற நோர்வே நிறுவனத்தின் ஹீற்றர்கள்தான் இங்கே பெரும்பாலும். ஆகவே 230 வோல்ற் ஹீற்றர் உலகத்தில் கிடைக்காத பொருள் இல்லை. ஆனால் நான் இளவாலையில் பிறந்து வளர்ந்தவன், அந்த வெயிலும் தெரியும், இந்தப் பனியும் தெரியும். அங்கே பொருத்தச் சொல்லி ஒருவருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

தொடக்கத்தில் ஓடும் அந்த ஒரு நிமிடத்தை எந்த ஹீற்றராலும் குறைக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரைப் போட்டதும் எஞ்சின் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடுவது புகைக்குழாயில் இருக்கும் கற்றலிற்றிக் கன்வேற்றரைச் சூடாக்குவதற்காக. அது நச்சுப் புகையைச் சுத்தம் செய்யத் தொடங்குவதற்கே 250, 300 பாகை வேண்டும். எஞ்சின் புளொக்கில் ஹீற்றரைச் சொருகினாலும் புகைக்குழாய் குளிராகத்தான் கிடக்கும். அந்த நிமிடத்தில் பலர் பதறிப்போய் அக்சிலறேற்றரை மிதிக்கிறார்கள். மெதுவாக ஓடினால் பெரும்பாலும் பற்றரியே காரை இழுத்துக்கொண்டு போகும்.

மானிப்பாய் கராச் | ஞாயிறு, இரவு 8.30

எல்லாவற்றையும் வாசித்தேன். ஹீற்றரைப் பற்றி ஆசிரியரும் ஒஸ்லோவும் சொன்னது சரி. ஆனால் தம்பியின் முதல் பதிவில் ஒரு வசனத்தை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். முன்பு சந்தியில் எஞ்சின் அணைந்தது, இப்போது அணையவில்லை என்கிறார். வீடும் கடையும் பாதையும் அதேதான், வெயிலும் அதே வெயில். அப்படியென்றால் மாறியது கார்.

தம்பி, இரண்டு கேள்விகள். பட்டினம் வரை ஓடிய பிறகும் எஞ்சின் நிற்காமல் இருக்கிறதா, அல்லது முதல் சில நிமிடங்கள் மட்டுமா? போன ஒரு வருடத்துக்குள் கூலன்ற் மாற்றினீர்களா?

கொக்குவிலான் | ஞாயிறு, இரவு 9.15

பட்டினம் போய்ச் சேரும்வரை நிற்பதில்லை ஐயா. வவுனியா போகும்போதுகூட, வேகத்தைக் குறைத்து நின்றால் சில வேளை அணையும், சில வேளை அணையாது.

கூலன்ற் மாற்றினேன். போன வருடம் சித்திரை வெயிலில் காரின் சூடு ஏறியது போல ஒரு பயம் வந்து ஓர் இடத்தில் கொடுத்தேன். கழுவி, மாற்றி, இனிக் கார் சூடாகவே சூடாகாது என்று சொல்லித் தந்தார்கள்.

மானிப்பாய் கராச் | ஞாயிறு, இரவு 9.40

சூடாகவே சூடாகாது. அதுதான் வருத்தம் தம்பி.

கூலன்ற்றை ஆற வைக்கும் ரேடியேற்றருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்ராற் உங்கள் காரில் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது என்பது என் ஊகம். திறக்காமல் சொல்லக்கூடாது, அதனால் முதலில் அளந்து பாருங்கள். ஸ்ரேறிங்கின் கீழே சொருகி அலைபேசியில் எஞ்சினின் கணக்குகளைப் பார்க்கும் சிறிய கருவி இருக்கிறது, தெரிந்தவர்கள் யாரிடமாவது இரவல் வாங்கலாம். கூலன்ற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது தொடங்கிச் சுன்னாகம், தெல்லிப்பழை என்று காங்கேசன்துறை வீதியில் நேரே ஓடுங்கள். பக்கத்தில் ஒருவரை இருத்தி எழுதச் சொல்லுங்கள், நீங்கள் வீதியைப் பாருங்கள்.

இரவுக் கடமை | திங்கள், அதிகாலை 5.10

கடமை முடித்துவிட்டு வாசித்தேன். எனக்கும் அக்குவாதான், சுன்னாகத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். எஞ்சினின் சூட்டைப் பற்றிக் கதைக்கிறீர்கள், பற்றரியின் சூட்டைப் பற்றியும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பெரிய பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதற்கு விசிறி உண்டு. அந்த விசிறி காற்றை இழுப்பது காருக்குள் இருந்துதான், இருக்கையின் ஓரத்தில் உள்ள சிறிய சல்லடைத் துளை வழியாக. எங்கள் பக்கத்துச் செம்பாட்டுப் புழுதி உங்களுக்குத் தெரியும். அதோடு என் பிள்ளையின் புத்தகப்பை எப்போதும் அந்தத் துளையை மூடியபடி கிடக்கும். போன பங்குனியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓர் இடத்தில் பற்றரி முடிந்துவிட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை என் பல மாதச் சம்பளம். அன்றிரவு நித்திரை இல்லை. அடுத்த நாள் வேறொருவரிடம் போனேன். அவர் இருக்கையைத் தூக்கி விசிறியைக் கழற்றிக் காட்டினார். சிவப்புக் கம்பளி சுற்றியது போல இருந்தது. துப்புரவு செய்து பூட்டினார், விளக்கை அணைத்தார். இன்றுவரை எரியவில்லை.

எங்கள் ஊரில் ஹைபிரிட் காருக்குச் சூடு காணாது என்று கவலைப்பட வேண்டாம். இந்த வகைப் பற்றரிக்குச் சூடுதான் எமன். வெயிலில் நிறுத்திய காரில் ஏறினால் முதலில் கண்ணாடிகளை இறக்கி உள்ளே இருக்கும் வெக்கையை வெளியே விடுங்கள். பின் இருக்கையின் ஓரத்தில் ஒன்றையும் சாத்தாதீர்கள். வருடத்தில் ஒருமுறை அந்த விசிறியைத் திறந்து பாருங்கள்.

எட்மன்ரன் வடமராட்சியான் | திங்கள், காலை 6.30

அக்கா சொன்னது பெறுமதியான விடயம். இங்கே சிலர் குளிருக்காகக் காரின் முன் கிரில்லைப் பஞ்சுக் குழாயால் அடைப்பார்கள், இணையத்தில் அதன் படங்களும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஒருவரும் அதைப் பார்த்துச் செய்துவிடக் கூடாது.

கொக்குவிலான் | புதன், காலை 8.00

கடைக்குப் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் கருவியை வாங்கி இன்று விடிய ஓடினேன். மகன் பக்கத்தில் இருந்து எழுதினான். புறப்படும்போது 29 பாகை. இணுவில் தாண்டும்போது 47. சுன்னாகம் சந்தியில் 58. அங்கே சந்தைக்கு வந்த வாகனங்களுக்குள் சிக்கி நான்கு நிமிடம் நின்றேன், 65 ஆயிற்று. பிறகு மல்லாகம் வரை வீதி வெறுமையாக இருந்தது, வேகமாகப் போனேன். 65இல் இருந்து 60க்கு இறங்கிவிட்டது. தெல்லிப்பழையில் 61. ஒரு முறைகூட 70ஐத் தொடவில்லை.

பௌதிக ஆசிரியர் | புதன், காலை 8.25

நிற்கும்போது ஏறுகிறது, காற்றுப் படும்போது இறங்குகிறது. ரேடியேற்றர் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. கராச் ஐயா திறக்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

மானிப்பாய் கராச் | புதன், இரவு 9.00

தம்பி, சனிக்கிழமை காலையில் மானிப்பாய்க்குக் கொண்டுவாருங்கள். ஓடி வந்த சூடு ஆறும்வரை இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திறப்பேன்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். தெர்மோஸ்ராற் என்பது கூலன்ற் போகும் வழியில் உள்ள ஒரு கதவு. உள்ளே மெழுகு இருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கதவு மூடியிருக்கும், கூலன்ற் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். இந்த எஞ்சினில் 82 பாகை அளவில் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும், அப்போதுதான் ரேடியேற்றருக்குப் போய் ஆறி வரும். கதவைக் கழற்றி எறிந்தால் முதல் நிமிடத்தில் இருந்தே ரேடியேற்றர் எஞ்சினின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும்.

வெயில் நாட்டில் இது தேவையில்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் நெடுநாளாக இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் கழற்றியவன்தான், மறைக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் ஓடிய நாட்களில் எல்லோரும் ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினார்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கேத்தலின் அடியில் படியும் அந்த வெள்ளைதான் ரேடியேற்றரிலும் தெர்மோஸ்ராற்றிலும் படியும். கதவு மூடியபடி இறுகினால் எஞ்சின் கொதித்து மூடி வெடிக்கும். புதியது வாங்க வழியில்லை, கழற்றிவிட்டால் கார் வீடு போய்ச் சேரும். அந்தக் காருக்கு அது சரி. அந்த எஞ்சின் சந்தியில் தானாக நிற்காது, வெப்பநிலையைக் கேட்டுப் பெற்றோலை அளக்கும் கணினியும் அதில் இல்லை. ஹைபிரிட்டில் கணினி 70 பாகைக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. அது வரவில்லை என்றால் ஆறிய எஞ்சினுக்குக் கொடுக்கும் கூடுதல் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

எஞ்சினின் சூட்டை எங்களுக்கு யாரும் பனி நாட்டில் இருந்து கற்றுத்தர வேண்டியதில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் மருந்தைப் போல ஆயிற்று. கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் ஆறிய எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுத் தொடக்குவோம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அவசரப்பட்டு மாற்றினால் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு நடுவீதியில் நின்றுவிடும், மறுபடி தொடக்க இன்னும் சில துளி பெற்றோல் வேண்டும். அந்தச் சில துளிக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டவன் நான். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஒஸ்ரின் கார் என் கராச் வாசலில் அப்படி நின்றது. ரேடியேற்றருக்கு முன்னால் சாக்குத் துண்டைக் கட்டி, எஞ்சின் சூடாகும்வரை பக்கத்திலேயே நின்று கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து அனுப்பினேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது என்று அடுத்த கிழமை கற்கண்டு கொண்டுவந்து தந்தார்கள்.

அந்த நாட்களில் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக வழிந்து ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு கூடியிருக்கும், மணம் அடிக்கும். தம்பியின் காரிலும் அதைப் பார்க்க வேண்டும். ஒரு வருடமாகச் சூடேறாமல் குட்டி ஓட்டங்கள் ஓடியிருக்கிறது. பெற்றோலும் ஈரமும் ஒயிலில் சேர்ந்திருக்கும். கிலோமீற்றர் வரவில்லை என்று காத்திராமல் ஒயிலை மாற்றிவிடுவோம்.

ஒஸ்லோ இளவாலை | புதன், இரவு 10.20

ஐயா, என் அப்பாவும் அந்தப் போத்தலை சேர்ட் பையில் வைத்துக்கொண்டுதான் மோட்டார் சைக்கிளில் போவார். அந்த மணம் இன்னும் நினைவில் இருக்கிறது. எழுதியதற்கு நன்றி.

கொக்குவிலான் | சனி, மாலை 6.15

போய் வந்தேன். ஐயா மூடியைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தெர்மோஸ்ராற் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதன் றப்பர் வளையத்தை மட்டும் திரும்ப வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். உள்ளே ஊற்றியிருந்தது கூலன்ற்கூட இல்லை, நிறம் கலந்த தண்ணீர். இளஞ்சிவப்புக் கூலன்ற்றுக்குத்தான் காசு கொடுத்தேன். என்னிடம் ஒரு சொல் கேட்காமல், கழற்றியதையும் சொல்லாமல் விட்டதுதான் மனத்தை உறுத்துகிறது. ஒரு வருடமாகக் காரையும் என் ஓட்டத்தையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதிய தெர்மோஸ்ராற், சரியான கூலன்ற், புதிய ஒயில் மூன்றும் போட்டார். குழாய்களுக்குள் இருந்த காற்றை வெளியேற்றுவதற்கே முக்கால் மணி நேரம் பொறுமையாக நின்றார். பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வேற்றருக்குத் தனிக் கூலன்ற் தொட்டி இருப்பதை இன்றுதான் அறிந்தேன், அதன் அளவையும் பார்த்தார். அக்கா சொன்ன பற்றரி விசிறியையும் திறந்தோம். சிவப்புக் கம்பளி எனக்கும் இருந்தது.

கடற்காற்று | சனி, மாலை 6.40

இரண்டு மூன்று கிழமை ஓடிவிட்டு எவ்வளவு கிடைக்கிறது என்று கட்டாயம் எழுதுங்கள். கேள்வியோடு நின்றுபோன இழைகள் இங்கே நிறைய இருக்கின்றன.

கொக்குவிலான் | மூன்று கிழமைகளின் பின், ஞாயிறு, காலை 7.00

எழுதுகிறேன். வீட்டில் இருந்து பட்டினம் போகும் வழியில் நாச்சிமார் கோவிலடியில் வேகத்தைக் குறைக்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. கருவியை மறுபடி மாட்டிப் பார்த்தேன். சுன்னாகம் ஓட்டத்தில் 84க்கு ஏறி அங்கேயே நின்றது, மல்லாகத்துக் காற்றிலும் இறங்கவில்லை. இரண்டு முறை தொட்டி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் லீற்றருக்கு 17.6.

இரவுக் கடமை | ஞாயிறு, காலை 7.50

மிகவும் சந்தோசம். இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தார்கள், நினைவிருக்கிறதா? அப்போது நான் பழகியது இது. சந்தை, மருந்துக்கடை, பிள்ளையின் வகுப்பு எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடிப்பேன். எஞ்சின் ஒருமுறை சூடானால் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தாலும் பெரிதாக ஆறிவிடாது, அடுத்த ஓட்டம் அந்தச் சூட்டிலேயே தொடங்கும். மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்குக் கட்டிக்கொண்டு போனால் உங்களுக்கு இரண்டு ஆறிய ஓட்டங்கள் குறையும்.

எட்மன்ரன் வடமராட்சியான் | ஞாயிறு, காலை 8.30

உண்மை. நான்கு கிலோமீற்றர் ஓட்டத்தில் பாதி சூடேறவே போய்விடும், எந்த நாட்டிலும் அப்படித்தான். அண்ணாவுக்குச் சொன்னீர்களா? ஹீற்றரை என்ன செய்யப் போகிறீர்கள்?

கொக்குவிலான் | ஞாயிறு, காலை 9.20

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தப் பிளக்கைச் சொருகினாயா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகுதான் அவருடைய குரல் பழைய குரலுக்கு வந்தது. அங்கே 120, இங்கே 230 என்பது தனக்குத் தெரியும், காரில் பொருத்துவது என்று நினைத்ததால் அது மனத்திலேயே வரவில்லை என்றார்.

சின்னம்மா அடுத்த மாதம் ரொறன்ரோ போகிறார், ஹீற்றரை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அண்ணாவின் தொடர்மாடியில் படிக்க வந்த பெடியன் ஒருவன் பழைய பிரியஸ் சி வாங்கியிருக்கிறானாம், அவனுக்குப் பொருத்திக் கொடுப்பதாகச் சொன்னார். நான் செய்வித்த பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, அதன் சொந்தப் பிளக்கையே திரும்பப் பூட்டுவித்து, அதே துவாயில் சுற்றி வைத்திருக்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டை நாளையில் இருந்து கட்டித் தருவதாக வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

கடற்காற்று | ஞாயிறு, காலை 10.00

கராச் ஐயா, என் மச்சானின் ஹொண்டா ஃபிற் ஹைபிரிட் காரும் சந்தியில் அணைவதில்லை என்கிறான். அவனும் போன வருடம் கூலன்ற் மாற்றியவன். கொண்டுவரச் சொல்லட்டுமா?

மானிப்பாய் கராச் | ஞாயிறு, காலை 11.30

முதலில் வெப்பநிலையை அளந்து எழுதச் சொல்லுங்கள். 70க்கு ஏறாவிட்டால் வரும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வரலாம். அதுவரைக்கும் ரேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறந்து பார்க்க விடாதீர்கள்.